நூற்று இருபத்து மூன்று கைகள்

கெண்டல் ஃபால்ஸ், மெய்ன்
அக்டோபர் 9, 1991

மதிப்புக்குரிய மிஸ் காரோன் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. கெண்டல் ஃபால்ஸ் பொது நூலகத்தில் பதினோரு வருடமாக நூலகராக இருக்கிறேன். உங்கள் முகவரியை பாஸ்டனில் சின்னப் பதிப்பகம் நடத்தும் இரண்டு பெண்கள் கொடுத்தார்கள். ஏதோ ஒரு தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில் உங்கள் ‘ஞாயிறு ஷிஃப்ட்’ நாவல் அவர்கள் கையில் கிடைத்ததாம். நின்ற இடத்திலேயே நாற்பது பக்கம் படித்தார்களாம். வரும் மே மாதம் அதை மறுபடி அச்சிடப் போவதாக உங்களுக்கும் எழுதியிருப்பார்கள்.

போன வாரம் அவர்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். “உங்க ஊர்க்காரங்க எழுதின நாவல். உங்க லைப்ரரில எத்தன பிரதி இருக்கு?” என்று கேட்டாள். “எங்க ஊர்ல யாரும் நாவல் எழுதினதே இல்லீங்களே” என்று சொல்லிவிட்டேன். நான் இங்கேயே பிறந்தவள், எனக்கு வயது நாற்பத்தாறு. போனை வைத்துவிட்டு, சந்தேகத்துக்கு, புத்தகங்களின் பெயர் அட்டைகள் அடுக்கிய இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். உங்கள் பெயரில் ஓர் அட்டை இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: “ஊர்க்கூட்ட முடிவின்படி நீக்கப்பட்டது. மார்ச் 1953.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாஸ்டனிலிருந்து நகல் வரவழைத்து இரண்டே நாளில் படித்தேன். முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். 1952-ல் பெரிய பத்திரிகைகளெல்லாம் உங்களைத் தூக்கிவைத்து எழுதியிருக்கின்றன. அந்த வருடத்துப் பெரிய பரிசின் கடைசிப் பட்டியல்வரை வந்திருக்கிறீர்கள். அதன்பிறகு ஒன்றுமே இல்லை. எப்படி?

அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஊரிலேயே அதை மறுபடி அலமாரியில் வைக்க ஆசைப்படுகிறேன். மறக்கப்பட்ட ஓர் எழுத்தாளரை அவர் ஊருக்குத் திரும்ப அழைத்துவரும் பெருமை எங்கள் சின்ன நூலகத்துக்குக் கிடைக்கட்டும். வரும் மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசுவீர்களா?

மரியாதையுடன்,
ரெஜினா ஹாட்லி

&nbsp;

பியூட், மொன்டானா
அக்டோபர் 21, 1991

மிஸஸ் ஹாட்லி,

மறக்கப்பட்ட எழுத்தாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் மறந்தது? நான் ஒன்றையும் மறக்கவில்லை. உங்கள் ஊரும் மறக்கவில்லை. மறந்திருந்தால் சிவப்பு மையை எதற்குத் தேடி எடுத்தார்கள்? மறப்பது வேறு, வாயை இறுக்கி மூடிக்கொள்வது வேறு. நூலகம் நடத்துகிற உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படி ஒன்றுமே இல்லாமல் போனது என்று கேட்கிறீர்கள். இரண்டாவது புத்தகத்துக்குப் பதிப்பாளர் ஒரு காதல் கதை கேட்டான். எழுதிக் கொடுத்தேன். அதை நானே படிக்க மாட்டேன், அவ்வளவு குப்பை. ஜனங்களும் படிக்கவில்லை, அதில் அவர்கள் மேல் தப்பே கிடையாது. அப்புறம் இங்கே வந்து ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு யாரையும் விமர்சனம் செய்வதில்லை. நிம்மதியாக இருந்தது. போன மாதம் பாஸ்டன் கடிதம் வந்ததும் பக்கத்து வீட்டுச் சுரங்கக்காரர் ஸ்டான் வந்தார். “ஓடில், நீ புத்தகம் எழுதினவளாமே? உள்ள படம் இருக்கா?” என்றார். “இல்ல” என்றேன். “அப்ப வேணாம்” என்று போய்விட்டார். அவருடைய விமர்சனம் எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் ஊர்க்கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அம்மா. 1953 மார்ச். அப்போது எனக்கும் அங்கே ஓட்டு இருந்தது. லியோ டுபே எழுந்து நின்றான். ஊர்க் காகித ஆலையில் ஃபோர்மேன். எப்போது பார்த்தாலும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே சொன்னான்: “இந்தப் பொண்ணு நம்ம ஊர் மேல சேத்த வாரி எறைச்சிருக்கா. இத நம்ம புள்ளைங்க படிக்கணுமா?” நூலகத்திலிருந்து நீக்கச் சொல்லி இருநூறு கை உயர்ந்தது. நீக்கக் கூடாது என்று உயர்ந்தது ஆறு கை. அதில் ஒன்று என்னுடையது. ஏப்ரலில் ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது அதே மண்டபத்தில், அதே ஜனங்கள் முன்னால் கைகட்டி நின்று “ஐயா, என் புத்தகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கெஞ்சச் சொல்கிறீர்களா? பாஸ்டன்காரர்கள் அச்சடிக்கட்டும். உங்கள் ஊருக்கு அது வேண்டாம். எனக்கும் உங்கள் ஊர் வேண்டாம்.

ஓடில் காரோன்

&nbsp;

கெண்டல் ஃபால்ஸ்
நவம்பர் 4, 1991

மதிப்புக்குரிய மிஸ் காரோன்,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

கெஞ்சச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஊர்க்கூட்டம் சாத்திய கதவை ஊர்க்கூட்டம்தான் திறக்க முடியும். நானாகப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தால் மறுநாளே வந்து எடுத்துவிடுவார்கள், சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. அறுபது வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் 1953 முடிவை ரத்து செய்யும் தீர்மானம் மார்ச் கூட்டத்தின் பட்டியலில் ஏறும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது இந்த ஊர் வாக்காளர் இல்லை. வெளியூர்க்காரர் பேச வேண்டுமானால் கூடியிருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கி அனுமதி தரவேண்டும்.

உங்களைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். சனிக்கிழமை காலை ஊர்க் குப்பைக் கிடங்கு வாசலில் மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். கோயிலுக்கு வராதவன்கூடக் குப்பை கொட்ட வந்துதானே ஆகவேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒருவரும் மேசைப் பக்கம் திரும்பவில்லை. “எதுக்கும்மா பழசக் கிளர்ற? மில்லு ஓடறதாலதான இங்க எல்லார் வீட்லயும் அடுப்பெரியுது” என்றார் ஒருவர். அவர் போனதும் ப்ளான்ஷ் கானியோன் வண்டியை நிறுத்தினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், குரல் கிடங்கு முழுக்கக் கேட்கும். “எங்கப்பா அன்னிக்கு இதுக்கு எதிரா கையத் தூக்கினாரு. புத்தகத்தப் படிச்சாரான்னா, இல்ல! நான் படிச்சிட்டுத் திட்டிக்கிறேன். பேனாவக் குடு!” என்றாள்.

அன்றைக்குப் பதினோரு கையெழுத்து கிடைத்தது. அடுத்த சனிக்கிழமையும் உட்காரப் போகிறேன். நீங்கள் வராவிட்டாலும் உட்காருவேன்.

ரெஜினா ஹாட்லி

&nbsp;

பியூட்
நவம்பர் 18, 1991

மிஸஸ் ஹாட்லி,

குப்பைக் கிடங்கில் என் புத்தகத்துக்குக் கையெழுத்து வாங்குகிறீர்கள். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்டான் சுவரைத் தட்டி “உயிரோட இருக்கியா?” என்று கேட்டார்.

நாவலில் எழுதியது எவ்வளவு உண்மை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. சொல்கிறேன். 1947, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காகிதக் கூழ் வெளுக்கிற கூடத்தில் குளோரின் குழாய் வெடித்தது. அங்கே பின்பக்கம் ஒரு கதவு உண்டு. பையன்கள் அந்த வழியாக நழுவிப் போய் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று லியோ டுபே அதற்குச் சங்கிலி போட்டிருந்தான். மூன்று பேர் அந்தக் கதவடியில் கிடந்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி ஆல்பேர், இருபத்து நாலு வயது. விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது. விசாரணைக்காரர்கள் வருவதற்குள் சங்கிலி காணாமல் போய்விட்டது. எண்பது பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எண்பது பேரும் “கதவு திறந்துதான் இருந்துச்சு” என்றார்கள். என் அம்மாவும்கூட. ஆலை கொடுத்த வீட்டில் குடியிருந்தோம், வேறென்ன சொல்வாள்?

நாவலில் ஃபோர்மேனுக்கு வேறு பெயர் வைத்தேன். மிட்டாயை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை.

அறுபது கையெழுத்து வாங்கிக் காட்டுங்கள். அப்போது யோசிக்கிறேன். ஆனால் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். இதை முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஓடில் காரோன்

&nbsp;

கெண்டல் ஃபால்ஸ்
ஜனவரி 12, 1992

மதிப்புக்குரிய மிஸ் காரோன்,

அறுபத்து நாலு கையெழுத்து! கடைசி மூன்று சனிக்கிழமையும் பனியில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ப்ளான்ஷ் குடுவையில் காபி கொண்டுவந்து தந்தாள். தீர்மானம் இருபத்தேழு. பனி உருகச் சாலையில் கொட்டும் உப்புக்கு அடுத்தது, தீயணைப்பு வண்டிக்கு முந்தியது. மார்ச் 14, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி.

ஊர் நிர்வாகிகள் மூவரும் என்னை அழைத்துப் பேசினார்கள். இருபத்தேழைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், சண்டை சச்சரவில்லாமல் புத்தகத்தை அலமாரியில் வைக்க அவர்களே வேறொரு தீர்மானம் கொண்டுவருவார்களாம். நீங்கள் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதுமாம், அதை அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுவார்கள். “இதில் வரும் நிகழ்ச்சிகளும் மனிதர்களும் முழுக்கக் கற்பனை” என்பது வாசகம். உங்கள் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெரிவிப்பது என் கடமை.

இனிமேலும் தள்ளிப்போட முடியாத ஒன்று இருக்கிறது. ஹாட்லி என்பது என் கணவர் வீட்டுப் பெயர். நான் லியோ டுபேயின் மகள்.

அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் சங்கிலி என்ற பேச்சே வந்ததில்லை. உங்கள் தம்பி இறந்தபோது எனக்கு இரண்டு வயது. ஆலையில் ஒரு விபத்து, அப்பா நாலு பேரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார் என்று மட்டும் சொல்லி வளர்த்தார்கள். அதுவும் உண்மைதான், உங்கள் நாவலிலும் இருக்கிறது. நீங்கள் அதை மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது அழுதேன். அடுத்த பக்கத்தைப் படித்தபோது அழுகை வரவில்லை.

உங்களைக் கூப்பிட்டது அப்பாவைக் காப்பாற்ற இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயத்தை எனக்கு மட்டும் நாற்பத்தைந்து வருடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் காரணம்.

ரெஜினா

&nbsp;

பியூட்
ஜனவரி 25, 1992

ரெஜினா டுபே,

இதற்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதினாய். குப்பை மேட்டைப் பற்றி எழுத இடம் இருந்தது. “நான் லியோவின் மகள்” என்று ஒரு வரி எழுத இடம் இல்லையா? என் தம்பியின் விரல் நகத்தைப் பற்றி உனக்கு எழுதினேனே, அதை என்னிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தாயே. நல்ல பெண்ணம்மா நீ! அப்பனைப் போலவே நேரம் பார்த்து வாயைத் திறக்கிறாய்.

அந்தச் சீட்டை மூவரும் மடித்துத் தங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். கற்பனையில் யாரும் மூச்சுத் திணறிச் சாவதில்லை.

வருகிறேன். விமானத்துக்கெல்லாம் நான் ஏற மாட்டேன், நாலு நாள் பஸ் பயணம். என் தங்குமிடத்தை நானே பார்த்துக்கொள்வேன். உன் வீட்டுப் படி ஏற மாட்டேன், உன் காபியும் வேண்டாம். உனக்காக வரவில்லை என்பது உனக்குத் தெளிவாகப் புரியட்டும். அந்த மண்டபத்தில் சொல்லவேண்டியது ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது. எழுபத்தேழு வயதாகிவிட்டது, இனியும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. என்னைப் பேச விடுவார்களா இல்லையா என்பதை மட்டும் பார்.

ஓடில் காரோன்

&nbsp;

(தபால் அட்டை)
ஆல்பனி பஸ் நிலையம்
மார்ச் 15, 1992

நான் பேச நூற்று இருபத்து நாலு கை வேண்டும், நூற்று இருபத்து மூன்றுதான் உயர்ந்தது என்று அறிவித்தார்கள். ஓட்டில்லாதவர்களுக்கென்று ஓரத்தில் போட்ட பெஞ்சிலிருந்து பார்த்தேன். மண்டபம் மொத்தமும் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. உன் கை உயரவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரெஜினா டுபே. இனிமேல் எனக்கு எழுதாதே.

ஓ.கா.

&nbsp;

கெண்டல் ஃபால்ஸ்
மார்ச் 22, 1992

மிஸ் காரோன்,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

அன்று கை எண்ண நாலு பேரை நியமித்தார்கள். வருடா வருடம் என்னையும் போடுவார்கள், நூலகர் தப்பாக எண்ண மாட்டாள் என்று. என் பொறுப்பு இடது பக்கம். அவைத்தலைவர் “ஊருக்கு வெளிய இருந்து வந்திருக்கிற அம்மா பேசறதுக்கு அனுமதிக்கிறவங்க கையத் தூக்குங்க, எண்ணி முடிக்கிறவரை எறக்காதீங்க” என்றார். பென்சிலோடு வரிசை வரிசையாக நடந்தேன். நாற்பத்தொன்று. அதை எழுதிக் கொடுத்தேன். என் கையை எண்ணவில்லை. தூக்கினால்தானே எண்ண முடியும்? ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் அட்டை. எண்ணுகிறவர்கள் கடைசியில் தங்கள் கையையும் தூக்கிச் சேர்த்துக்கொள்வது இங்கே வழக்கம். பதினோரு வருடமாக நானும் சேர்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரு வாரமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மறந்தது உண்மையும்கூட. ஆனால் அவைத்தலைவர் “நூத்தி இருபத்திமூணு” என்று படித்தவுடனே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. முடிவு உறுதி என்று அவர் சுத்தியலை இன்னும் தட்டவில்லை. “இருங்க, என் கைய விட்டுட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. மூன்றாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது. திரும்பி என்னையே பார்த்தாள். என் வாய் திறக்கவில்லை. சுத்தியல் விழுந்தது. அடுத்த நிமிடமே யாரோ “இருபத்தேழத் தள்ளி வைங்க” என்றார்கள், தள்ளிவைத்துத் தீயணைப்பு வண்டிக்குப் போய்விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு நீங்களும் வரிசையில் நின்றீர்கள். கையைத் தூக்காத பெண்களே உங்கள் தட்டில் இரண்டாவது கரண்டி பீன்ஸ் போட்டு, “இன்னும் கொஞ்சம் ரொட்டி வச்சுக்குங்க” என்றார்கள். நீங்கள் நின்றபடியே முழுவதும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

நேற்று நிர்வாகிகள் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவைப் பார்த்துப் பயந்ததையும் சேர்த்து. “சுத்தியல் தட்டினது தட்டினதுதான், ரெஜினா. வேணும்னா அடுத்த மார்ச்ல பாத்துக்க” என்றார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று அடம்பிடித்தேன். குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். “உங்கப்பன் பேரக் கெடுத்தாத்தான் உனக்குத் தூக்கம் வருமா?” என்று கேட்டாள். “எனக்கு இப்பத் தூக்கமே வரலம்மா” என்றேன். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நடந்தது இதுதான் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

ரெஜினா

&nbsp;

கெண்டல் ஃபால்ஸ்
ஜூன் 20, 1992

மிஸ் காரோன்,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. நியாயம்தான்.

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் வெறும் கதவு, எனக்குப் பிடித்திருக்கிறது. பாஸ்டன் பத்திரிகை முழுப் பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். “நாற்பது வருடம் நம் கண்ணில் படாமல் எங்கே இருந்தார் இவர்?” என்று கேட்கிறார்கள். முன்னுரை தர நீங்கள் மறுத்துவிட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். முதலில் வேறோர் இடத்தில் சொல்லவேண்டியது இருக்கிறது என்றீர்களாமே.

நூலகத்தில் வைக்கத்தான் தடை. என் வீட்டு முன்வாசலுக்கு ஊர்க்கூட்டம் தடை போடவில்லையே! சொந்தமாகப் பத்துப் பிரதி வாங்கி, பால்காரன் பெட்டியில் போட்டு வாசல்படியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். இதுவரை இருபத்தேழு பேர் எடுத்திருக்கிறார்கள். யார் யார் என்று ஒருவரிடமும் சொல்ல மாட்டேன், உங்களிடமும்கூட. நிர்வாகிகளில் ஒருவர் வந்து, “நீ ஊர்ச் சம்பளம் வாங்கறவ, ஞாபகம் வச்சுக்க” என்றார். “வாசப்படி என்னுது, நீங்க ஞாபகம் வச்சுக்குங்க” என்றேன். ப்ளான்ஷ் படித்து முடித்துவிட்டு, பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திக் கத்தினாள்: “ரெஜினா! திட்டறதுக்கு ஒண்ணுமே இல்லடீ இதுல!”

ரெஜினா

&nbsp;

கால்வாய்த் தெரு, சலவைக்கடை மாடி
கெண்டல் ஃபால்ஸ்
செப்டம்பர் 28, 1992

ரெஜினா,

முகவரியை இன்னொரு தடவை படித்துப் பார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பியூட் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து பத்து நாள் ஆகிறது. ஸ்டானுக்குப் புத்தகம் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார். உன் நூலகம் இங்கிருந்து மூன்று தெரு. இருந்தாலும் தபாலில்தான் போடுகிறேன். நேரில் பார்த்தால் கத்திவிடுவேன். உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதத்தை ஆறு மாதம் மேசைமேலேயே வைத்திருந்தேன். தினம் அதைப் பார்ப்பேன், தினம் உன்னைத் திட்டுவேன். “நேரம் இருந்தது, என் வாய் திறக்கவில்லை” என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்த மண்டபத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். 1947-ல் நான் ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பின்கதவுக்குச் சங்கிலி போடும் உத்தரவு நிர்வாகத்திடமிருந்து வந்தது. உன் அப்பாவாகப் போட்டது இல்லை. அவன் இரண்டு தடவை மறுத்தான், மூன்றாவது தடவை பூட்டினான். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தது நான். இந்தக் கைதான். விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். என்னிடம் நகல் இருந்தது, பையில்தான் வைத்திருந்தேன். “கதவப் பத்தி ஏதாச்சும் தெரியுமாம்மா?” என்று கேட்டார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “கதவு திறந்துதான் இருந்துச்சு” என்றேன். எண்பது பேர் பொய் சொன்னார்கள் என்று உனக்கு எழுதினேனே, அதில் நானும் ஒருத்தி.

ஐந்து வருடம் கழித்து நாவல் எழுதினேன். எல்லாரையும் வைத்தேன். லியோவை, மிட்டாயோடு வைத்தேன். என் அம்மாவையும் வைத்தேன். தட்டச்சு செய்த பெண்ணை மட்டும் விட்டுவிட்டேன். நாடே தைரியமான புத்தகம் என்று கைதட்டியது. லியோ எழுந்து நின்று என்னைத் திட்டிய அன்று, அவனுக்கு அந்தத் தட்டச்சு எழுத்து யாருடையது என்று தெரியும். தட்டச்சு செய்தவளின் அடையாளமாக உத்தரவின் கீழே என் பெயரின் முதலெழுத்து இருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பூட்டினவன் அவன்தான். ஆனால் உன் அம்மாவுக்கு இது தெரிந்தாக வேண்டும். உனக்கும்.

இதை முன்னுரையாகக் கொடுத்தால் பாஸ்டன்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொள்வார்கள். கொடுக்க மாட்டேன். இதை முதலில் கேட்கவேண்டியது இந்த ஊர். மூன்றில் இரண்டு பங்கு கை எனக்கு இனித் தேவையில்லை. இன்று காலை ஊர் அலுவலகத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துகொண்டேன். இனி எந்த அவைத்தலைவனும் என்னைப் பேசாதே என்று உட்காரவைக்க முடியாது. எழுதிக்கொண்ட பெண் என் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். “நிரந்தரமா இங்கயே இருக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். “மார்ச் வரைக்கும் சாகறதா இல்ல. அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

மனுத் தாளும் வாங்கி வந்துவிட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. சனிக்கிழமை எட்டு மணிக்குக் குப்பைக் கிடங்கு வாசலில் இருப்பேன். வந்து போடு, ரெஜினா. எல்லாரும் பார்க்கப் போடு.

ஓடில்